எருமைக் காதுப்புண்: புழு கண்ணுக்குத் தெரியாது, ஈ தெரியும்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு எருமை, ஒரு ஜோடி உழவு மாடு. மூத்த எருமைக்கு இடது காதின் உட்பக்கம் இரண்டு வருஷமாகப் புண். கோடையில் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. ஐப்பசி மழை பிடித்ததும் திறந்துகொண்டு நீர் வடிகிறது. கடைக்காரர் சொன்னபடி ஆல்பெண்டசோல் இரண்டு தடவை ஊற்றியாயிற்று. புழுப்புண்ணுக்கு அடிக்கிற ஸ்பிரே மூன்று டப்பா காலி. வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். இப்போது ஒருவர் "இது தோல் புழு நோய்" என்கிறார். நீங்களோ டார்ச் அடித்துத் தேடியும் ஒரு புழுவைக்கூடக் காணவில்லை. புழு உண்டா இல்லையா, உண்டென்றால் என்ன மருந்து என்று கேட்கிறீர்கள்.

பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எருமை, காதின் உள்மடல், மழையில் திறந்து வெயிலில் மூடுகிற புண் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் ஸ்டெஃபனோஃபைலேரியா என்ற புழுவின் மேல்தான் போகும். பணியிலிருந்த காலமெல்லாம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நான் பார்த்த காதுப்புண்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. டார்ச் அடித்தாலும் அது தெரியாது. முழு வளர்ச்சி அடைந்த புழுவே சில மில்லிமீட்டர் நீளம்தான், நூலைவிட மெல்லிசு. அதுவும் புண்ணின் மேலே உட்கார்ந்திருக்காது. தோலுக்குள், மயிர்க்கால்களின் அடியில் குடியிருக்கும்.

நம் ஊரில் 'புழுப்புண்' என்று சொன்னாலே வெள்ளையாக நெளிகிற ஈப்புழுதான் எல்லோர் நினைப்பிலும் வரும். அது வேறு சமாசாரம். பச்சைக் காயத்தின் ஓரத்தில் ஈ முட்டை வைக்கும், ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும், சதையைக் குடைந்து தின்னும், ஐந்தாறு நாளில் பருத்துத் தரையில் விழுந்துவிடும். கன்றுக்குட்டியின் தொப்புளில், காயடித்த இடத்தில், கொம்பு முறிந்த இடத்தில் பார்த்திருப்பீர்கள். நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் புழு ஈயின் குழந்தை. காதுப்புண்ணில் இருப்பது ஈயில் ஏறி ஊர்விட்டு ஊர் போகிற புழு. இரண்டுக்கும் நடுவில் ஈ நிற்பதால் குழப்பம் வருகிறது. உங்கள் ஸ்பிரே முதல் வகைக்கு நல்ல மருந்து; இரண்டாவதற்கு அது வெறும் வாசனைதான். ஆல்பெண்டசோல் குடல் புழுவுக்கு நல்லது, ஈரல் புழுவையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். காது மடலில் குடியிருப்பவனுக்கு அது போய்ச் சேருவதில்லை. (சினை பிடித்து 45 நாளுக்குள் இருக்கிற மாட்டுக்கு ஆல்பெண்டசோல் ஊற்றக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் யாரும் சொல்வதில்லை.)

இந்தப் புழுவைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. யானைக்கால் நோயைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ராத்திரியில் சுகாதார ஊழியர்கள் டார்ச்சோடு வந்து விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனது வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும், கொசுவும் அப்போதுதான் கடிக்கும், அதனால் அந்த நேரம். எருமைக் காதில் இருப்பது அதே ஃபைலேரியா வம்சத்தின் தாயாதி. அங்கே கொசு, இங்கே ஈ. அங்கே குஞ்சு ரத்தத்தில் நீந்துகிறது, இங்கே புண்ணிலிருந்து கசிகிற நீரில் கிடக்கிறது. ஒன்று மட்டும் பயப்படாமல் இருங்கள்: மாட்டின் இந்தப் புழு மனுஷருக்கு வராது, பாலிலும் வராது, எருமைக் காதைத் தொட்டால் யானைக்கால் வந்துவிடாது. அந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டெஃபனோஃபைலேரியாவில் பல வகை உண்டு. இந்தோனேசிய மாடுகளில் 1933இல் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். 1936இல் அஸ்ஸாம் மாடுகளின் திமில் புண்ணிலிருந்து இன்னொன்று; அதற்கு அஸ்ஸாமென்சிஸ் என்றே பெயர். எருமைக் காதுப்புண்ணில் இருப்பது ஜாஹீரி என்ற வகை, 1958இல் பெயர் சூட்டப்பட்டது. திமில் புண் அந்தமானில் பெரிய தலைவலி. அமெரிக்காவில் இருக்கிற வகை வயிற்றின் நடுக்கோட்டில் புண் வைக்கிறது, ஏனென்றால் அங்கே அதைச் சுமக்கிற ஈ வயிற்றடியில் உட்காருகிற ஜாதி. ஈ எங்கே உட்காருகிறதோ அங்கே புண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் எருமைக்கு ஏன் காதில் வருகிறது என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், பாடப்புத்தகமாக வேண்டாம். எருமை வாய்க்காலிலோ குட்டையிலோ அமுங்கினால் உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கொள்கிறது. சேறு காய்ந்தால் அதுவே கவசம். வெளியே நிற்பது மூக்கும் கண்ணும் கொம்படியும் காதும். காதின் உள்மடலில் சேறு ஒட்டாது, மயிரும் குறைவு, தோலும் மெல்லிசு. வாலும் அங்கே எட்டாது. ஈக்கு அதைவிட நல்ல திண்ணை எது?

சுமக்கிற ஈ, வீட்டு ஈயின் பங்காளி. திமில் புண் புழுவைச் சுமப்பது மஸ்கா கண்டுசென்ஸ் என்ற சின்ன ஈ. கடிக்கிற ஜாதி இல்லை; காயத்தில் வடிகிற நீரையும் ரத்தத்தையும் நக்குகிற ஜாதி. பச்சைச் சாணியில் முட்டை வைக்கும். புண்ணை நக்கும்போது புழுக்குஞ்சும் உள்ளே போகிறது. ஈயின் வயிற்றுக்குள் சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு பக்குவப்படுகிறது. அதற்குப் பிறகு அந்த ஈ வேறொரு மாட்டின் தோலிலோ கீறலிலோ வாய் வைக்கும்போது இறங்கி உள்ளே போகிறது. இந்த மூன்று வாரம் என்பதை ஞாபகத்தில் வையுங்கள், மருந்துக் கணக்குக்கு வேண்டியிருக்கும்.

முதலில் அரிசி அளவுக்குச் சின்னச் சின்னப் புடைப்பாக வரும். அது உடைந்து நீர் கசியும். மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், தூணிலும் வைக்கோல்போரிலும் காதைத் தேய்க்கும். தேய்த்துத் தேய்த்து மயிர் உதிரும். பொருக்குக் கட்டும், பொருக்குக்கு அடியில் மறுபடி கசியும். ரூபாய்க் காசு அளவில் தொடங்கியது உள்ளங்கை அளவுக்கு விரியும். பழைய புண்ணில் தோல் யானைத்தோல் மாதிரி தடித்துச் சுருங்கிவிடும். சின்னக் கன்றுகளில் இதைப் பார்ப்பது அபூர்வம், வளர்ந்த மாட்டில்தான். மாடு சாகாது, தீனியும் பெரிதாகக் குறையாது. அதனால்தான் ஜனங்கள் இரண்டு வருஷம், நாலு வருஷம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கறக்க உட்காரும்போது ஈத்தொல்லையில் எருமை நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைக்கும், பால் முழுசாக இறங்காது. சந்தைக்குக் கொண்டுபோனால் தரகர் முதலில் கை வைப்பது அந்தக் காதில்தான்.

பணியில் சேர்ந்த புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு எருமைக் காதைப் பார்த்து, ஈ மொய்க்கிறதே, புழுப்புண்தான் என்று முடிவுகட்டி டர்பென்டைன் நனைத்த பஞ்சை வைத்துவிட்டேன். தினமும் மாற்றச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போனால் புண் இரண்டு மடங்கு. நல்ல சதையெல்லாம் வெந்து சிவந்து கிடந்தது. எருமை என்னைக் கண்டதும் தும்பை அறுக்கப் பார்த்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூத்த டாக்டர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "நீ பார்த்தது ஈய. ஆனா தேடுனது ஈப்புழுவ. சுரண்டிப் பாத்தியா?" என்று கேட்டார். சுரண்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சுரண்டல்தான் இந்த நோய்க்குக் கண். பிறகு பாமணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பாட்டியின் எருமையில் செய்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொருக்கை வெந்நீரில் ஊறவைத்து எடுத்தோம். பிளேடின் மழுங்கல் முனையால் புண்ணின் ஓரத்தை, நடுவை அல்ல, லேசாக ரத்தம் துளிர்க்கும் வரை சுரண்டினேன். மேலாகச் சுரண்டினால் வெறும் சீழும் அழுக்கும்தான் வரும். சுரண்டியதை வெதுவெதுப்பான சலைனில் போட்டு மூடி, டீ குடிக்கப் போனோம். அரைமணி கழித்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. பாட்டியின் பேரனைப் பார்க்கச் சொன்னேன். "சேமியாவ அறுத்து உயிர் குடுத்த மாதிரி இருக்கு சார்" என்றான். பாட்டி பார்க்கவில்லை, கண் தெரியாது. "நாப்பது வருசமா மாடு வச்சிருக்கேன் டாக்டரய்யா, அந்த ஈக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

எனவே ஊசிக்கு முன்னால் சுரண்டல். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் மைக்ராஸ்கோப் இருந்தால் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012இலிருந்து நடக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து எருமையை ஏற்றிக்கொண்டு போகமுடியாத தூரமில்லை. ஒரு தடவை பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நாள்பட்டுத் தடித்த புண்ணில் குஞ்சு சுலபத்தில் அகப்படாது. தோலில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

சுரண்டிப் பார்ப்பதில் இன்னொரு லாபம், வேறு எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடும். சொறி என்பது உண்ணிக்குச் சொந்தக்காரனான நுண்பூச்சியால் வருவது. அரிப்பு பயங்கரமாக இருக்கும், ஒரே இடத்தில் நிற்காமல் பரவும். கன்றுகளின் கண்ணைச் சுற்றி வட்டவட்டமாகச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் படர்தாமரை. அது பூஞ்சை. ஆங்கிலப் பெயரில் 'வோர்ம்' என்று ஒட்டிக்கொண்டிருப்பதால் படித்தவர்களே அதற்குப் புழு மருந்து கேட்கிறார்கள். மேலும் அது மனுஷருக்கும் ஒட்டும். உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாக எழும்பிக் காய்ச்சலும் இருந்தால் தோல் கழலை நோய், வைரஸ், 2019இல் தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. கோடையில் கழுத்திலும் தோளிலும் திடீரென்று ரத்தம் முத்து முத்தாகத் துளிர்த்து ஒழுகினால் அது பாராஃபைலேரியா என்ற இன்னொரு தோல்புழு. பெண் புழு முட்டையிடத் தோலைத் துளைப்பதால் வருகிற ரத்தம் அது. யாரோ மாட்டைக் குத்திவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள்கூட உண்டு.

இனி மருந்து. ஐவர்மெக்டின்தான் இன்றைக்கு முதல் கை. ஜப்பானில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. 1981இல் கால்நடைக்குத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது, மனுஷருக்குப் பிறகுதான். கண்டுபிடித்தவர்களான சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 200 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கிற 1 சதவீத ஊசி மருந்தில் இது 50 கிலோவுக்கு 1 மில்லி என்று வரும். தோலுக்கு அடியில்தான் போடவேண்டும். சதையிலோ நரம்பிலோ அல்ல.

இங்கே எடை என்ற இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். எருமையைப் பார்த்து "ஒரு முந்நூறு கிலோ இருக்குங்க" என்பார்கள், ஐந்நூறு இருக்கும். குறைத்துப் போட்டால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை எத்தனை அங்குலம் என்று அளங்கள். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 72, நீளம் 58 என்றால் 72 பெருக்கல் 72 என்பது 5184. அதை 58ஆல் பெருக்கி 660ஆல் வகுத்தால் 455 கிலோ சொச்சம். அப்படியானால் 9 மில்லி. தராசு மாதிரி துல்லியமில்லை, கண்மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

ஒரே ஊசியில் காது பளபளவென்று ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஒரு வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு கசிவு நிற்கும், அரிப்பு குறையும், மூன்று நாலு வாரத்தில் புதுத்தோல் மூடும். அப்போது மறுபடி பாருங்கள். ஓரத்தில் ஈரம் மிச்சம் இருந்தால் இரண்டாவது ஊசி பற்றி டாக்டர் முடிவு செய்வார். இந்த இடைவெளி ஈயின் வயிற்றில் புழு வளர்கிற மூன்று வாரத்தோடு பொருந்தி வருவதைக் கவனித்தீர்களா? முதல் ஊசிக்கு முன்னால் கிளம்பிப்போன ஈக்கள் பக்குவப்பட்ட குஞ்சோடு திரும்பி வருகிற நேரம் அதுதான். அந்தச் சமயத்தில் காது திறந்து கிடக்கக்கூடாது.

கறவை எருமை என்றால் பால் விஷயம் இருக்கிறது. ஐவர்மெக்டின் பாலில் இறங்கும், நாள் கணக்கில் தங்கும். சாதாரண ஊசி மருந்தின் அட்டையிலேயே கறவைக்கு வேண்டாம் என்றோ, இத்தனை நாள் பாலைச் சேர்க்கக்கூடாது என்றோ போட்டிருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் ஊசி போட்ட அன்று சாயங்காலமே ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். பால் வற்றியிருக்கும் மாதங்களில் வைத்தியம் செய்வது நல்லது. கட்டாயம் கறவையில்தான் என்றால் எப்ரினோமெக்டின் என்று முதுகில் ஊற்றுகிற வகை உண்டு, அதற்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. விலை கூடுதல். கேட்டுப் பாருங்கள்.

மேல்பூச்சும் வேண்டும், அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். புண்ணைச் சுற்றி மயிரைக் கத்தரித்து, உப்புப் போட்ட வெந்நீரில் துணி நனைத்துப் பொருக்கை ஊறவைத்துத் தானாகக் கழன்று வரும்படி எடுங்கள். பிய்க்காதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் களிம்பு. ட்ரைகுளோர்ஃபான் என்ற மருந்தை வாசலீனில் குழைத்து 6 முதல் 10 சதவீதக் களிம்பாகத் தினமும் பூசுவது பழைய, நன்றாக வேலை செய்கிற முறை. ஆனால் அது பூச்சிமருந்து வகையைச் சேர்ந்தது, டாக்டர்தான் குழைத்துக் கொடுக்கவேண்டும். நீங்களாக வயலுக்கு அடிக்கிற டப்பாவை எடுத்துக் குழைக்காதீர்கள். அந்தக் காரியம் செய்து, வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, நடுங்கிக்கொண்டு நின்ற மாட்டுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அட்ரோபின் என்ற முறிவு ஊசி போட்டிருக்கிறேன். அது பிழைத்தது. பக்கத்துக் கட்டுத்தறியில் அதை நக்கிய கன்று பிழைக்கவில்லை. அதேபோல இந்தக் களிம்பு போடுகிற நாட்களில் லெவாமிசோல் புழுமருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நஞ்சாகும். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். பெட்ரோல், பினாயில், வண்டியில் வடித்த ஆயில், இவை எதுவும் வேண்டாம். எதைப் பூசினாலும் காது ஓட்டைக்குள் போகாமல் முதலில் பஞ்சு வைத்து அடைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். மறந்து போன பஞ்சை ஒரு மாசம் கழித்து எடுத்த கதையும் உண்டு.

கைவைத்தியம் கேட்டிருந்தீர்கள். வெறும் வேப்பெண்ணெய் தோலுக்கு அடியில் இருக்கிற புழுவைக் கொல்லாது. ஆனால் ஈயை அண்டவிடாது, அந்த அளவில் பாதி வேலை அது. தேசிய பால்வள வாரியம் மரபுமுறை வைத்தியமாகப் பரப்புகிற புண் எண்ணெய் ஒன்று உண்டு: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், எல்லாம் அரைத்து அரை லிட்டர் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைப்பது. தோல் கழலைப் புண்ணுக்காகப் பரவியது, எந்தப் புண்ணும் ஆறுவதற்கு ஒத்தாசையாக இருக்கும். ஊசியோடு சேர்த்து அதைப் பூசிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊசிக்குப் பதிலாக என்றால் ஆட்சேபம் உண்டு. ஈப்புழுவும் சேர்ந்து விழுந்திருந்தால், அப்படியும் நடக்கும், முதல் நாள் சீத்தா இலை விழுதோ கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயோ வைத்து வெளியே வருவதை இடுக்கியால் எடுத்துவிட்டு அப்புறம் இது.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த மழைக்குத் திரும்பி வரும், ஈயை விட்டுவைத்தால். உங்கள் எருமைக்கு இரண்டு வருஷமாக நடப்பது அதுதான். கோடையில் ஆறியதாக நீங்கள் நினைத்தது ஆறியதல்ல. மேலே பொருக்கு மூடியிருக்கிறது, கீழே புழு உயிரோடு இருக்கிறது, நக்க ஈ குறைவாக இருப்பதால் புண் தூங்குகிறது. குறுவை அறுப்பு முடிந்து மாடு வயலில் மேய்ந்து, மழையில் சாணி ஈரமாகவே கிடந்து, ஈ பெருகும்போது மறுபடி திறக்கிறது. அதனால் வைத்தியத்துக்கு நல்ல காலம் புண் கசிந்துகொண்டிருக்கிற ஐப்பசி அல்ல. அது தூங்குகிற ஆடி, ஆவணி. அப்போது யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. புண்ணே இல்லாத மாதிரி இருக்கிற காதுக்கு ஊசி போடச் சொன்னால் காசு பிடுங்குகிறேன் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தெருவில் இன்னொரு மாட்டுக்குப் புண் இருந்தால் உங்கள் செலவு வீண். ஈ வேலி பார்ப்பதில்லை. உங்கள் தெருவில் ஐந்து மாட்டுக்குப் புண் என்றால் ஐந்துக்கும் ஒரே வாரத்தில் போடுங்கள். பஞ்சாயத்தில் சொல்லிக் கால்நடை முகாம் நடக்கும்போது சேர்த்துக்கொண்டால் நல்லது. 1962க்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். சாணியைத் தினமும் வாரி எருக்குழியில் போட்டுப் பழைய தார்ப்பாய் ஏதாவது போட்டு மூடுங்கள். எரு மக்குகிற சூட்டில் ஈ முட்டையும் ஈப்புழுவும் வெந்துவிடும். சாணி எரிவாயு வைத்திருப்பவர் வீட்டில் ஈ குறைவாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். சாயங்காலம் நொச்சித்தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போடுவது நம் பெரியவர்கள் காரணத்தோடு செய்தது, ஆனால் இந்த ஈ பகலில் வேலை செய்கிறது. ஆகவே பகலில் காதுக்குக் காவல் வேண்டும். மெல்லிய பருத்தித் துணியில் காதுக்கு உறை தைத்துக் கொம்போடு கட்டிவிடலாம். முதல் நாள் எருமை உதறும், மூன்றாம் நாள் மறந்துவிடும். நனைந்தால் உடனே மாற்றவேண்டும்.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரி ஈ மருந்து தெளித்தால் புட்டியில் போட்டிருக்கிற அளவில் கலந்து காலையில் தெளியுங்கள். தெளித்த மாட்டை அன்றைக்குக் குட்டையில் இறக்காதீர்கள். அந்த மருந்து மீனுக்கு எமன். குட்டையைக் குத்தகை எடுத்தவரிடம் பதில் சொல்ல முடியாது. மாதாமாதம் எல்லா மாட்டுக்கும் ஐவர்மெக்டின் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அந்த மருந்து சாணியிலும் வெளியேறி, சாணியை உருட்டி மண்ணுக்குள் புதைக்கிற வண்டுகளைக் கொல்கிறது. அந்த வண்டு புதைக்காத சாணியில்தான் ஈ முட்டை வைக்கிறது.

கடைசியாக, உங்கள் உழவு மாட்டின் கழுத்தில் இருப்பதும் இதுதானா என்று கேட்டிருந்தீர்கள். உம்பளச்சேரி ஜோடி என்றீர்கள், கொம்பு தீய்த்த மொட்டை மாடு. நுகத்தடி உட்காருகிற இடத்தில் மட்டும் இருந்து, நாலு நாள் கட்டிப்போட்டால் ஆறுகிறதென்றால் அது நுகத்தடிப் புண். நுகத்தைச் செதுக்கி வழுவழுப்பாக்குங்கள், சணல் சுற்றுங்கள். திமிலின் மேல், நுகம் படாத இடத்தில், பொருக்குக் கட்டி மழைக்குக் கசிந்தால் அதையும் எருமையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சுரண்டிப் பாருங்கள். ஊசி போட்ட தேதியைக் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். கார்த்திகை அடைமழை விட்டதும் ஒரு வரி எனக்கு எழுதுங்கள், காதில் மயிர் முளைத்திருக்கிறதா, இல்லை ஓரத்தில் ஈரம் தெரிகிறதா என்று.